வியாழன், பத்து முதல் பதினொன்று

படிவத்தில் இருபது கேள்விகள் இருந்தன. ஏழு அம்மாக்கள் நிரப்பிக் கொடுத்தார்கள். ஏழு பேரில் ஒருத்திகூடத் தன்னைப் பற்றி எழுதவில்லை.

வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் மையம் அது. கீழ்த்தளத்தில் பயிற்சி அறைகள், அவற்றுக்கு நடுவே நீளமான நடைவழி, சுவரோரம் பெஞ்சுகள். பிள்ளைகள் உள்ளே போவார்கள். அம்மாக்கள் பெஞ்சில் உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வருஷக்கணக்காக அப்படித்தான். அம்மாக்களுக்கென்று ஒரு மனநல ஆலோசகரை வேலைக்கு வைக்கலாம் என்று நிர்வாகத்துக்குத் தோன்றியதே அந்த மாதம்தான்.

வந்தவருக்கு முப்பது வயது இருக்கும். எல்லோரும் அவரை டீச்சர் என்றார்கள். அந்தக் கட்டடத்தில் சம்பளம் வாங்குகிற பெண்கள் அத்தனை பேரும் டீச்சர்தான், கூட்டிப் பெருக்குகிறவர் உட்பட. ஒரு காலை, பயிற்சி தொடங்குமுன், ஆலோசகர் டீச்சர் அம்மாக்கள் நிரப்பிய தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு நடைவழியில் வந்து நின்றார்.

"முதல் கேள்வி எதைப் பத்தின்னு யாராவது சொல்லுங்க."

"தூக்கம்" என்றார் கண்டக்டரக்கா. நகரப் பேருந்தில் டிக்கெட் கொடுப்பவர், ஐம்பதை நெருங்குகிறவர். மகனுக்குப் பதினேழு வயது, அவரைவிட ஒரு முழம் உயரம்.

"யாரோட தூக்கம்?"

"எம் பையனோடது."

"இல்லக்கா, உங்களோடது. மேலேயே கொட்டை எழுத்துல போட்டிருக்கே, தாயின் மனநலம்னு."

கண்டக்டரக்கா தாளை வாங்கி, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார். "அட, ஆமா" என்றார். "எனக்கு என்ன டீச்சர் வந்துச்சு? நான் நல்லாத்தானே இருக்கேன்?"

நான் அந்த பெஞ்சில்தான் இருந்தேன், பாதித் தூக்கத்தில். பார்சல் கிடங்கில் எனக்கு இரவு வேலை. வேலை முடிந்து வந்து மனைவியையும் மகளையும் வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டு, அவர்கள் வெளியே வரும்வரை சுவரில் தலை சாய்த்துக் கிடப்பேன். டீச்சர் பெயர் சொல்லாமல் பதில்களைப் படித்தார். இரவில் தூக்கம் எப்படி? 'இரண்டு மணிக்கு எழுந்து சிரிக்கும்.' பசி எப்படி? 'வெள்ளையாக இருந்தால் மட்டும் சாப்பிடும்.' காரணமில்லாமல் அழுகை வருகிறதா? 'மிக்ஸி போட்டால் வரும்.' அம்மாக்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பிள்ளைக்கு ஒன்றரை வயதானதிலிருந்து மருத்துவமனை, பள்ளி, அரசு அலுவலகம் என்று ஆளுக்கு நூறு படிவம் நிரப்பியிருப்பார்கள். அத்தனையும் பிள்ளையைப் பற்றித்தான். பேனாவைக் கையில் கொடுத்தால் அது தானாகவே பிள்ளையை எழுதும்.

"மனம் விட்டுப் பேச யாராவது இருக்கிறார்களா?" என்று டீச்சர் அடுத்ததைப் படித்தார். "அதுக்கு ஒருத்தர் எழுதியிருக்காங்க, 'இன்னும் பேச்சு வரவில்லை, தலை மட்டும் ஆட்டும்'னு."

அது என் மனைவியின் பதில். கையெழுத்து எட்ட இருந்தே தெரிந்தது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

ஆகவே ஒரு ஏற்பாடு செய்திருப்பதாக டீச்சர் சொன்னார். வியாழக்கிழமை பத்திலிருந்து பதினொன்று வரை, பிள்ளைகள் பயிற்சியில் இருக்கும் நேரத்தில், நடைவழிக் கடைசியில் பழைய ஃபைல்கள் வைத்திருந்த அறையில் அம்மாக்கள் உட்கார வேண்டும். ஒரே ஒரு விதி. அந்த ஒரு மணி நேரத்தில் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது.

"அப்புறம் எதைப் பேசறது?" என்றார் இரட்டையம்மா. அவருக்கு இரட்டைப் பையன்கள், இருவருக்கும் ஒரே சிக்கல். அவர் கேலியாகக் கேட்கவில்லை.

ஆறு அம்மாக்களுக்கு இந்த ஏற்பாட்டில் தடை இல்லை. ஏழாவது ஆள் என் மனைவி.

என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. நான் அவளை மேடம் என்று கூப்பிட ஆரம்பித்தேன், மையம் முழுக்க அது பரவிவிட்டது. வாய் திறந்து ஒரு சொல் வராது, ஆனால் வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். அந்தச் சட்டங்களில் முதலாவது, அம்மாவின் இடதுகைச் சுண்டுவிரல் அவளுக்குச் சொந்தம். நடக்கும்போது, வண்டியில், பயிற்சி அறையில், எங்கேயும் அதைப் பிடித்திருப்பாள். விட்டால் வீறிடுவாள். எல்லாப் பிள்ளைகளும் தனியாக உள்ளே போகும். மேடம் மட்டும் அம்மாவோடு போவாள். என் மனைவி ஆறு வருஷமாகப் பயிற்சி அறைக்குள் ஓர் ஓரமாக, சின்னப் பிள்ளைகளுக்கான நாற்காலியில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள்.

டீச்சர் என் பக்கம் திரும்பினார். "சார், அந்த ஒரு மணி நேரம் மட்டும் நீங்க..."

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி பதில் சொல்லிவிட்டாள். "அவர் நைட் ஷிஃப்ட் டீச்சர். தூங்கணும்."

இந்த வாக்கியத்தை அவள் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள் என்று எனக்குக் கணக்கில்லை. பக்கத்து வீட்டு ஆட்களிடம், என் அண்ணனிடம், வாசலில் நின்று சத்தமாகப் பேசுகிற எவனிடமும். எனக்கு அது வசதியாக இருந்தது. அன்றும் நான் தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஒரு நாள், சாயங்காலம் நாலு மணிக்கு எழுந்து கூடத்துக்கு வந்தேன். அவள் தையல் மெஷினில் ஒரு பள்ளிப் பைக்கு ஜிப் மாற்றிக்கொண்டிருந்தாள். வீட்டில் இருந்தபடி அதுதான் அவள் தொழில். பைகள், ஜாக்கெட், கால்சட்டை என்று எதன் ஜிப்பு போனாலும் அவளிடம் வரும். மையத்தில் அவளுக்குப் பெயரே ஜிப்புதான். தைக்க இரண்டு கையும் வேண்டும் என்பதால் அந்த நேரத்துக்கு மட்டும் மேடம் ஒரு விட்டுக்கொடுப்பு செய்திருந்தாள்: மெஷினுக்கு அடியில் உட்கார்ந்து அம்மாவின் கணுக்காலைப் பிடித்துக்கொள்வாள்.

"டீச்சர் அந்த ஃபாரத்தை மறுபடி நிரப்பச் சொன்னாங்க" என்றாள் தலை நிமிராமல்.

"ம்."

"நிரப்பினேன்."

"ம்."

"பதினெட்டாவது கேள்வி, காலையில எழுந்திருக்காமயே போயிட்டா நல்லாயிருக்கும்னு தோணுமான்னு. நாலு கட்டம் இருந்துச்சு. ஒருபோதும் இல்லை, எப்பவாவது, அடிக்கடி, பெரும்பாலான நாள்." மெஷின் ஒரு ஓட்டம் ஓடி நின்றது. "நாலாவதுல டிக் பண்ணேன்."

நான் அங்கிருந்த மூட்டை மேல் உட்கார்ந்தேன். "எப்பேர்ந்து?"

"மூணு வருஷம் இருக்கும்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"எப்ப? நீங்க தூங்கறப்பவா, தூக்கம் வராம எரிஞ்சு விழறப்பவா?"

இதைச் சண்டைக் குரலில் சொல்லவில்லை. நேரம் கேட்டவனுக்கு நேரம் சொல்வதுபோலச் சொன்னாள். ஊசியில் நூல் அறுந்திருந்தது. மறுபடி கோத்தாள்.

"டீச்சர் என்னைத் தனியா உக்கார வச்சு ரொம்ப நேரம் பேசினாங்க. பெரியாஸ்பத்திரி டாக்டருக்கு எழுதிக் கொடுத்திருக்காங்க. நாளைக்குப் போகணும். மாத்திரை தருவாங்களாம். எந்த நேரம்னாலும் கூப்பிடச் சொல்லி அவங்க நம்பரும் குடுத்திருக்காங்க. ஆனா மாத்திரை மட்டும் போதாதாம். வியாழக்கிழமையும் வேணுமாம்."

"ம்."

"எனக்கும் வேணும்."

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். புதிதில் ஒரு கைக்கடிகாரம் கேட்டதாக அவள் சொல்வாள், எனக்கு நினைவில்லை. அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து 'எனக்கு வேணும்' என்று கேட்டது அன்றுதான்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த வியாழக்கிழமையில் துளி நம்பிக்கை இல்லை. ஏழு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பேசினால் எவள் வீட்டில் எது மாறிவிடும்? ஆனால் நாலாவது கட்டத்தில் டிக் விழுந்த பிறகு என் நம்பிக்கையை யார் கேட்டார்கள்? "நான் பாத்துக்கறேன்" என்றேன்.

மறுநாள் பெரியாஸ்பத்திரிக்கு மூவருமாகப் போய் மாத்திரை வாங்கி வந்தோம். அதற்கடுத்த வியாழனன்று மேடத்தை நான் பார்த்துக்கொண்ட லட்சணம் இது. புதன் இரவுதான் கிடங்கில் சரக்கு அதிகம் வரும். விடியும்வரை பெல்ட்டில் ஓடிவரும் பெட்டிகளைத் தள்ளிவிட்டு நேரே மையத்துக்கு வந்தேன். என் மனைவி மேடத்தின் பிடியிலிருந்து விரலை உருவிக்கொண்டு ஃபைல் அறைக்குள் ஓடினாள். மேடம் கத்தினாள். அம்மா இல்லாமல் பயிற்சி அறைக்குள் வர மறுத்ததால் நடைவழிப் பெஞ்சிலேயே அவளை மடியில் இறுக்கிப் பிடித்தேன். கத்தல் ஓய்ந்தது. ஓய்ந்ததும் நான் தூங்கிவிட்டேன்.

எழுப்பியது என் மனைவிதான். மடியில் பிள்ளை இல்லை. மேடம் சமையலறையில் இருந்தாள், மையத்தின் மொத்த சர்க்கரையும் தரையில், அதன் நடுவே அவள். கதவு சமையலறைப் பக்கம் திறந்திருந்ததால் சர்க்கரை. வாசல் பக்கம் திறந்திருந்தால் சாலை. மணி பத்தே கால்கூட ஆகவில்லை. என் மனைவியின் முதல் வியாழன் அத்தோடு முடிந்தது. அவள் என்னைத் திட்டவில்லை. குனிந்து சர்க்கரையை அள்ளிக்கொண்டே, கூட்ட வந்த அம்மாளிடம், "அவர் நைட் ஷிஃப்ட்டுங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன். புதன் இரவு மட்டும் விடுப்பு வேண்டும் என்றேன்.

"புதன்கிழமையா? விளையாடறியா? வேற எந்த நாள்னாலும் கேளு."

"வேற நாள் வேணாம்."

"அப்ப வேலைக்கு வராத."

"சரி" என்றேன்.

"டேய், நான் சும்மா சொன்னேன்."

"நான் சும்மா சொல்லல."

பெரிய தியாகம் ஒன்றும் இல்லை. எனக்கு அந்த வேலை ஒத்துவரவே இல்லை. இரண்டு முறை பெல்ட்டில் கை மாட்டிக்கொள்ளப் பார்த்தது. ஒரு மருந்துக் கடையில் மதியத்துக்கு மேல் பெட்டி இறக்கும் வேலை கிடைத்தது. காலை நேரம் என் கைக்கு வந்தது.

வந்த பிறகுதான் எனக்கு என் வீட்டில் எதுவுமே தெரியாது என்பது தெரிந்தது. மேடத்துக்குச் சட்டை போடும்போது வலது கையை முதலில் விட வேண்டும். இடது கையை விட்டால் மறுபடி முழுக்கக் கழற்றி முதலிலிருந்து தொடங்க வேண்டும். பிரெட்டின் ஓரம் தட்டில் இருக்கக் கூடாது, ஆனால் கண்ணில் படும்படி வேறு தட்டில் இருக்க வேண்டும். கதவை மூன்று முறை சாத்தித்தான் வெளியேற முடியும். முதல் நாள் காலையிலேயே நான் களைத்துப்போனேன். என் மனைவி எதிரே நின்று, சிரிப்பை அடக்கியபடி பார்த்தாள்.

"என்னங்க, மணி எட்டுதான் ஆவுது" என்றாள்.

"இதையெல்லாம் நீ சொல்லவே இல்லையே."

"கேட்டா சொல்லியிருப்பேன்."

இரண்டாவது வியாழன் ஒன்பது நிமிஷம் தாங்கினேன். மூன்றாவது வியாழன் பதினாலு. மேடம் அழுதால் நான் ஃபைல் அறைக் கதவைப் பார்ப்பேன். நான் பார்ப்பதை அவள் பார்ப்பாள், அழுகை ஒரு கட்டை ஏறும். அப்புறம் நான் என் மனைவிக்கு, "ஏய், இங்க வா" என்று குரல் கொடுப்பேன். சில தடவை குரல் கொடுக்குமுன்பே அவள் வெளியே வந்து நிற்பாள்.

ஃபைல் அறைக் கதவு ஈரத்தில் உப்பிப்போயிருந்தது. முழுக்கச் சாத்த வராது, ஒரு கை நுழையும் இடைவெளி எப்போதும் இருக்கும். அதனால் உள்ளே நடப்பது கேட்கும். ஒட்டுக் கேட்கவில்லை என்று நான் சத்தியம் பண்ணப்போவதில்லை.

"இன்னிக்கு காலையில நீங்க என்ன சாப்பிட்டீங்க?" என்று டீச்சர் கேட்பார்.

"பிஸ்கட்டு. அதுவும் அவன் கடிச்சு வச்சது..."

"அவுட்டு!" என்று ஐந்தாறு குரல்கள் சேர்ந்து கத்தும். பிள்ளையை உள்ளே இழுத்தவள் அவுட். அடுத்தவள் பேச வேண்டும். விதியைப் போட்டது டீச்சர், அவுட்டைக் கண்டுபிடித்தது கண்டக்டரக்கா.

"நீ சொல்லுடி, இரட்டையம்மா. உனக்கு என்ன கலர் பிடிக்கும்?"

"எனக்கு... அவனுங்க ரெண்டும் பச்சைதான் போடுவானுங்க, அதனால..."

"அவுட்டு!"

"ஐயோ, நான் இன்னும் என்னைப் பத்தி ஆரம்பிக்கவே இல்லையே!"

"அதுக்குத்தாண்டி அவுட்டு."

சிரிப்பு நடைவழி முழுக்கக் கேட்கும். வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாளி எட்டிப் பார்ப்பார். அந்தச் சிரிப்புக்கு நடுவே என் மனைவியின் குரலைத் தேடுவேன். இருக்கும், அடங்கின மாதிரி, ஓரத்தில். அவள் முறை வரும்வரை நான் ஒரு நாளும் மேடத்தைத் தாக்குப்பிடிக்கவில்லை. மற்ற ஆறு பேரும் பேசிவிட்டார்கள். அவள் வாயைத் திறக்கும் நேரத்துக்குச் சரியாக நான் கூப்பிட்டுவிடுவேன்.

நாலாவது வியாழன் முடிந்து வரும்போது வண்டியில் பின்னாலிருந்து சொன்னாள், "பரவாயில்லைங்க. எனக்கு இது சரிப்பட்டு வராது போல. விட்டுடலாம்."

"மாத்திரை சாப்பிடறியா?"

"சாப்பிடறேன்."

"எழுந்திருக்க வேணாம்னு தோணறது?"

"குறைஞ்சிருக்கு. போகல."

"அப்ப விட வேணாம்" என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவள் இடது கை மேடத்திடம் இருந்தது. வலது கையால் என் சட்டையைப் பிடித்திருந்தாள்.

ஐந்தாவது வியாழன் நான் பெஞ்சைத் திருப்பிப் போட்டேன். ஃபைல் அறைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். மேடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தைத்து மிச்சமான ஜிப்புத் துண்டு ஒன்றை அவள் கையில் கொடுத்தேன். திறந்தாள், மூடினாள். பத்து நிமிஷம் போனது. பதினைந்து ஆனது. இருபதும் ஆனது. என் வாழ்க்கையில் கடிகாரத்தை அப்படிப் பார்த்ததில்லை.

இருபத்தைந்தாவது நிமிஷம் அவள் வெடித்தாள். காரணம் எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும், சொல்ல வராது. ஜிப்பு பறந்தது. தலையைப் பெஞ்சின் முதுகில் மோத ஆரம்பித்தாள். நான் நடுவில் என் உள்ளங்கையைக் கொடுத்தேன். அவள் என் முன்னங்கையைக் கடித்தாள். ஒன்பது வயதுப் பல் என்று லேசாக நினைக்கக் கூடாது. அவள் குரல் தகரத்தை அறுப்பதுபோல மேலே போனது.

அதற்குச் சற்று முன்புதான் உள்ளே என் மனைவியின் முறை வந்திருந்தது. தாழ்ந்த குரலில் எதையோ சொல்லத் தொடங்கியிருந்தாள். அந்தக் குரல் பட்டென்று நின்றது. நாற்காலி இழுபட்டது. நான் திரும்பிவிட்டேன், திரும்பக் கூடாது என்று நினைத்தும். கதவு இடைவெளியில் அவள் செருப்பு தெரிந்தது, நுனி வெளிப்பக்கம் பார்த்து.

கூப்பிட வேண்டியது பாக்கி. வாய்வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"போகணும்னா போங்க" என்றார் டீச்சர் உள்ளே. "போனா தப்பில்ல. இருந்தாலும் தப்பில்ல. அவ பக்கத்துல அவ அப்பா இருக்காரு."

செருப்பு அசையவில்லை.

"ஜிப்பு, நாங்க ஆறு பேர் ஏறி உக்காந்துட்டோம்" என்றார் கண்டக்டரக்கா. "பாதி வழியில இறக்கி விட்டுட்டுப் போயிடாத, ஆமா."

மேடம் என் தோளைப் பிறாண்டினாள். செருப்பு அங்கேயே இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு அது உள்பக்கம் திரும்பியது.

"முடிச்சுட்டுப் போறேன்" என்றாள் என் மனைவி.

ஆனால் மேடம் போட்ட சத்தத்தில் அவள் பேசுவது பக்கத்து நாற்காலிக்குக்கூடக் கேட்டிருக்காது. அதனால் அவளும் கத்தினாள். பிறந்ததிலிருந்து அவள் அப்படிக் கத்தியிருக்க மாட்டாள். வீட்டில் பேசுவதுகூட யார் தூக்கமும் கலையாதபடி பேசுகிறவள்.

"எங்க விட்டேன்? கம்பெனி! தையல் கம்பெனியில இருந்தேன்! நிமிஷத்துக்கு ஒரு ஜிப்பு வைப்பேன்! எங்க லைன்ல நான்தான் முதல்! மேனேஜர் மத்த லைன்காரங்களைக் கூட்டிட்டு வந்து எங் கையைக் காட்டுவாரு! இந்தக் கையை! எப்படி வைக்கறா பாருங்கன்னு!"

மேடம் வீறிட்டாள். அதற்கு மேலே இவள் போனாள்.

"எனக்கு அந்த வேலை உசுரு! விட்டேன்! விடட்டுமான்னு நானும் கேக்கல, விடறியேன்னு யாரும் கேக்கல! அடுத்த நாள் காலையில போகல, அவ்வளவுதான்! எம் பேர் எழுதின கத்திரிக்கோல் இன்னும் அங்கதான் கிடக்கு! எனக்குக் கோவமா வருது டீச்சர்! எம் புருஷன் மேல வருது! ஆறு வருஷம் அவர் தூக்கத்துக்கு வாசல்ல காவல் இருந்தேன்! எந் தூக்கத்துக்கு எவன் இருந்தான்?"

பயிற்சி அறைக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. டீச்சர்கள் தலை நீட்டினார்கள். ஒரு பையன் காதைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தான். கதவுக்கு இந்தப் பக்கம் என் மகள், அந்தப் பக்கம் என் மனைவி, நடுவில் கை முழுக்கப் பல் பதிந்து நான். எனக்குக் காது சூடாகிவிட்டது. அத்தனை பேர் முன்னால், என்னைத்தான் சொல்கிறாள். சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. ஆனால் காது சூடானதற்கு அது மட்டும் காரணமில்லை. அவள் இவ்வளவு கத்தியும் ஒரு தடவைகூட மேடத்தை இழுக்கவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் பெற்ற பிள்ளை இந்தக் கத்துக் கத்துகிறது, அவள் தன் கதையை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தாள், அவுட் ஆகாமல்.

மாடியிலிருந்து மைய நிர்வாகி இறங்கி வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் சிடுசிடுப்பு. "என்னங்க இது? யாரு இப்படிக் கத்தறது?" என்று மேடத்தைப் பார்த்தார்.

"இது எம் பொண்ணு சார். கொஞ்ச நேரத்துல நிறுத்திடுவா" என்றேன். "உள்ள கேக்கறது எங்க வீட்டுக்காரி."

"அவங்களுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல சார். பேசிட்டிருக்கா. பதினோரு மணி வரைக்கும் பேசுவா."

வாழ்க்கையில் நான் யாரிடமும் எதையும் அவ்வளவு திமிராகச் சொன்னதில்லை. அவர் என் கையைப் பார்த்தார், ஃபைல் அறைக் கதவைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "அந்தக் கதவைச் சீக்கிரம் இழைக்கச் சொல்லணும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு மாடியேறிப் போனார்.

மேடம் பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஓய்ந்தாள். நான் ஒன்றும் சாதிக்கவில்லை. அவளுக்குக் களைத்துவிட்டது, அவ்வளவுதான். விக்கிக்கொண்டே என் சட்டையின் கீழ்நுனியைப் பிடித்து முகத்தைத் துடைத்தாள். உள்ளேயும் குரல் தணிந்துவிட்டது. இப்போது மற்றவர்கள் பேசினார்கள், என்னவென்று எனக்குக் கேட்கவில்லை. ஒரு முறை எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். அதில் அவள் சிரிப்பு ஓரத்தில் இல்லை.

பதினொரு மணிக்குக் கதவு திறந்தது. அம்மாக்கள் அவரவர் பிள்ளை இருக்கும் அறைக்குப் பிரிந்தார்கள். டீச்சர் கடைசியாக வந்து, என் கையைப் பார்த்துவிட்டு, முதலுதவிப் பெட்டியை எடுக்கப் போனார். கண்டக்டரக்கா என் பெஞ்சருகில் நின்றார்.

"தம்பி, இன்னிக்கு நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டீங்க போல."

"கேட்டுச்சுக்கா."

"கேக்கட்டும்னுதான் சொல்லியிருப்பா" என்று சொல்லிவிட்டு மகனைத் தேடிப் போனார்.

என் மனைவி ஃபைல் அறை வாசலில் நின்றாள். கண் சிவந்திருந்தது. கூந்தல் கலைந்திருந்தது. மேடம் அவளைப் பார்த்ததும் எழுந்து, கையை நீட்டி, தொண்டைக்குள் ஒரு சத்தம் எழுப்பினாள். மற்ற நாளாக இருந்தால் என் மனைவி ஓடி வந்திருப்பாள்.

அவள் எங்களைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, நடைவழி ஓரத்தில் இருந்த தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போனாள். தம்ளரைக் கழுவினாள், நிரப்பினாள், நின்றபடியே முழுவதும் குடித்தாள். மேடம் என்னை இழுத்தாள். நான் அவள் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"இரு மேடம்" என்றேன். "அம்மா தண்ணி குடிக்கறா."

என் மனைவி இரண்டாவது தம்ளரை நிரப்பினாள்.